கை கொடுத்தால் மூணு பாயிண்ட்

போன ஞாயிறு திண்டிவனத்தில் எனக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது. ஒண்ணே ஒண்ணு.

நான் டிரேடிங் கார்டு கேம் ஆடுகிறவன். டிராகன், மந்திரவாதி படமெல்லாம் போட்ட அட்டைகள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சீட்டு... எத்தனை முறை விளக்கினாலும் சீட்டுதான். போட்டியில் ஒரு ஆட்டம் ஜெயித்தால் மூணு பாயிண்ட். சீசன் முடியும்போது பட்டியலில் முதல் எட்டு பேருக்குச் சென்னை பைனல்ஸ். நான் ஒன்பதாவது. எட்டாவது ஆளைவிட இரண்டே பாயிண்ட் கம்மி. சீசனின் கடைசிப் போட்டி இது. அந்த எட்டாவது ஆள் ஊரிலேயே இல்லை.

இதைவிட என்ன வேண்டும்?

எட்டு பேர் வேண்டும். அதற்குக் குறைந்தால் போட்டி கணக்கிலேயே வராது. வந்திருந்தது என்னையும் சேர்த்து ஏழு பேர்.

விழுப்புரத்திலிருந்து என்கூடவே பஸ்ஸில் வந்திருந்தார் தணிகாசலம் மாமா. பம்ப்செட்டுக்கு ஸ்பேர் வாங்க வந்தவர். அவரை உள்ளே இழுத்தேன்.

"எனக்கு இன்னா தெரியும் மாப்ள இதுல?"

"ஒண்ணும் தெரிய வேணாம் மாமா. பேர் குடுத்தா போதும்."

"ஜல்தி முடிச்சுடு. கடைய மூடிடுவான்."

யாருக்கு யார் என்று பேரைக் குலுக்கினார்கள். முதல் ஆட்டமே எனக்கும் மாமாவுக்கும். மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதில் அன்பு இல்லை.

எங்கள் ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. 'தோத்துட்டேன்' என்று வாயால் சொல்ல மாட்டோம். கையை நீட்டுவோம். யார் முதலில் நீட்டுகிறார்களோ, அவர் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நடுவர் குறித்துக்கொள்வார். மாமாவுக்கும் இதைச் சொல்லித்தான் உட்கார வைத்தேன்.

என்னிடம் கூடுதலாக இருந்த அட்டைக்கட்டை வைத்து மாமா ஆடினார். ஆடினார் என்றால்... படம் பார்த்துக்கினு இருந்தார். "இது இன்னா, ஓணானா?" "டிராகன், மாமா." இன்னும் ஒரே ஒரு அட்டை. வைத்தால் எனக்குச் சென்னை.

அப்போதுதான் மாமா ஸ்டூலில் நெளிந்தார்.

"மாப்ள, கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் கை குடு."

என்ன செய்வீர்கள் நீங்கள்? கொடுத்தேன். மாமா பிடித்துக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் நின்ற நடுவர் சத்யா — காலேஜ் பொண்ணு, சிரிப்பே வராது — பேப்பரில் ஏதோ எழுதினாள்.

"தணிகாசலம் ஐயா வின்னர்."

"அவருக்குக் கால் மரத்துப்போச்சுங்க..."

"உங்களுக்குக் கை மரத்துப்போகலியே அண்ணா. நீங்கதான முதல்ல நீட்டினீங்க?"

நாக்-அவுட் போட்டி. தோற்றவன் கிளம்ப வேண்டியதுதான்.

மாமாவுக்கு உண்மையிலேயே சங்கடம். "எனக்கு வந்த மூணையும் மாப்ள பேருக்கு எழுதிடும்மா" என்று சத்யாவிடம் மன்றாடினார். அப்படி மாற்ற முடியாதாம். மாமா அடுத்த ஆட்டத்துக்கு உட்காரவே இல்லை. பம்ப்செட் கடைக்கு ஓடிவிட்டார்.

தரவரிசை என்பது இவ்வளவுதான். யார் ஜெயித்தார் என்று எழுதும்... எப்படி என்று எழுதாது.

திரும்பும் பஸ்ஸில் மாமா அத்தைக்குப் போன் போட்டார். "மாப்ள நல்லாத்தான் ஆடினாரு. நான்தான் கொஞ்சம் முந்திக்கினேன்."

பட்டியலில் நான் ஒன்பது, மாமா கடைசி — ஆனால் எங்கள் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் தெரிந்த ஒரே ரிசல்ட், மாமா என்னை ஜெயித்ததுதான்.