பாடாங்கிலிருந்து அண்ணாவை வரவழைத்த பொய்

அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் ஒஸ்லோவில் வாழ்ந்த காலம் தெரியும். பாடாங்கில் வாழ்ந்த காலம் தெரியாது. அதனால் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். என்னைப் பற்றியும் ஒரு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணா பருத்தித்துறையில் பிறந்தார். அகதியாக நோர்வேக்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, மொழி படித்து, கட்டட வரைபடம் கீறும் வேலைக்கு உயர்ந்தார். அம்மாவையும் என்னையும் இங்கே எடுப்பித்தவர் அவரே. கலியாணப் பேச்செடுத்த போதெல்லாம் "பாப்பம்" என்றார். அந்தப் "பாப்பம்" கடைசிவரை முடியவில்லை.

சுனாமிக்குப் பின் ஒரு நிவாரண அமைப்பு, பாடசாலைக் கட்டடங்களைப் பரிசோதிக்க அவரைச் சுமாத்திராவுக்கு அனுப்பியது. மேற்குச் சுமாத்திரா மாகாணத்தின் தலைநகர் பாடாங். முன்னால் கடல், பின்னால் மலைத்தொடர், நடுவே தட்டை நிலத்தில் நெருக்கமாக வீடுகள். ஆற்றங்கரையில் ஒல்லாந்தர் காலத்துப் பண்டகசாலைகள். அந்தப் பக்கத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எப்போதோ கட்டிய பள்ளிவாசலும் உண்டு. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால், கேட்காமலே மேசை நிறையச் சின்னத் தட்டுகளை அடுக்கிவிடுவார்களாம்; தொட்ட தட்டுக்கு மட்டும்தான் காசாம். "நான் மீன் தட்டை மட்டும்தான் தொடுறனான்" என்பார்.

நிலம் அடிக்கடி ஆடும் ஊர் அது. ஆடினால் கட்டடத்தை விட்டு வெளியே ஓட வேண்டும். கடல் பொங்கக்கூடும் என்பதால் உடனே மேட்டுக்கும் ஓட வேண்டும். மேட்டுக்குப் போகும் தெருக்களோ மோட்டார் சைக்கிள்களால் அடைபட்டுவிடும். அங்கே ஒரு விதவைத் தாயின் வீட்டில் அண்ணா வாடகைக்கு இருந்தார். அவரை "ஈபு" என்று அழைப்பார். அவர்கள் மொழியில் அம்மா. அந்த ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். "எங்கடை சீதன வீடு மாதிரித்தான். ஆனா இஞ்சை அதுக்குச் சண்டை பிடிக்கினமில்லை" என்று சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன அதிர்வுச் செய்தி வந்தாலே இங்கே எனக்குக் கை கால் ஓடாது. வரச் சொன்னால் வரமாட்டார். ஒருநாள் தொலைபேசியில், "அம்மாவுக்குக் கடுமை. ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம். உடனை வாங்கோ அண்ணா" என்றேன்.

மூன்றாம் நாள் வாசலில் நின்றார். அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மோனை, லீவோ?"

"ஓம் அம்மா, லீவு."

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அண்ணா என்னைத் தனியே கூப்பிட்டு, "இனி நீ உண்மை சொன்னாலும் நான் எப்பிடி நம்புறது?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கிழமை பாடாங்கைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. இரண்டு நாளாகத் தொடர்பில்லை. அண்ணா தொலைபேசியை விட்டு அசையவில்லை. பிறகு ஈபுவின் மகன் அழைத்தார். அண்ணாவின் அறைச் சுவர் கட்டிலின் மேல் விழுந்துவிட்டது; ஈபுவுக்குக் கால் முறிந்துவிட்டது.

எங்கள் இருவரையும் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆளான என் கணவர், "நீர் சொன்ன பொய்தான் அவரைக் காப்பாத்தினது" என்றார். எனக்கும் அப்படி நம்பவே விருப்பம். அதை அண்ணாவிடமே சொன்னேன்.

"நடந்தது பின்னேரம். நான் ஏன் கட்டில்லை கிடக்கப்போறன்? ஈபுவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பன்" என்றார்.

திரும்பிப் போனார். நோய் இங்கே கொண்டுவந்து சேர்க்கும்வரை அங்கேயே வேலை செய்தார். அந்த நாளுக்குப் பின் நான் தொலைபேசியில் எதைச் சொன்னாலும் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்ப்பார். எனக்குக் கிடைத்த தண்டனை அதுதான். மருத்துவமனையில் கடைசிக் கிழமையில், "டொக்டர் உன்னட்டை என்ன சொன்னவர்?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அன்று அவர் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் ஈபுவின் மகன் ஆங்கிலத்தில் அழைத்தார். பக்கத்தில் ஈபு அழுவது கேட்டது. பிறகு, "உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?" என்றார். அண்ணா அவசரமாகப் புறப்பட்ட நாளிலிருந்து ஈபு தன் தொழுகையில் அம்மாவின் சுகத்துக்காக வேண்டிவருகிறாராம். தேறிவிட்டார் என்று அண்ணா திரும்பி வந்து சொன்ன பிறகும் விடவில்லையாம். அண்ணா என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. சுகமாக இருக்கிறார் என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னட்டை லீவெண்டுதானே சொன்னவன்" என்றார்.

அண்ணாவைத் தம் பிள்ளைபோல் பராமரித்த தாதிமாருக்கும், சமைத்துக்கொண்டு வந்த திராமன் நகரத்து உறவினருக்கும், பேர்கனிலிருந்து வந்து தோள் கொடுத்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நோயில்லாத ஒரு தாய்க்காக இத்தனை காலம் வேண்டிய ஈபுவுக்கும் நன்றி. இந்த மலரின் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்புகிறேன். இந்தப் பக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, உள்ளே வைத்திருக்கிறேன்.