துணைக்குப் போனவன்

பத்து வயதில் எனக்குப் பொறுப்பான வேலை ஒன்று கொடுத்தார்கள். அக்காவைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவர வேண்டும். நான் மட்டும் திரும்பி வந்தேன். அதுகூடப் பரவாயில்லை. அந்த வேலையைப் பிரமாதமாக முடித்துவிட்டதாக மீசை நரைக்கும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். அதைத்தான் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. முடித்த அக்கா, கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பூண்டிக்கு வந்து ஒரு வருஷமாகப் பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு பி.ஏ. பெரிதாக உதவவில்லை. அடுத்த ஞாயிறு வத்தலக்குண்டிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஏரிப் பக்கம் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள், சும்மா கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள்.

"பொட்டப்பிள்ள தனியாவா? அண்ணனக் கூட்டிட்டுப் போ" என்றார் அப்பா.

"அண்ணனுக்குக் காட்டுல சோலி கெடக்குப்பா. தம்பி வரட்டும். அவனும் ஆம்பளதான?"

நான் இரண்டு அங்குலம் வளர்ந்தேன். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏலே, சாயங்கால வண்டிக்கு அக்காளோட வந்து சேரணும். விட்டுட்டு வந்துராத."

மறுநாள் வெள்ளனே முதல் பஸ். சர்டிபிகேட் பையை நான்தான் சுமந்தேன். தோள் இற்றுப்போனது. பி.ஏ. இவ்வளவு கனக்கும் என்றால் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொள்வது என்று வழியிலேயே முடிவு செய்தேன்.

ஓட்டல் மேனேஜர் இங்கிலீஷில் கேட்க, அக்கா இங்கிலீஷில் சொன்னாள். வீட்டில் அவள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு பையைத் திறந்து, நான்கு சேலைக்கும் ஒரு ஸ்வெட்டருக்கும் அடியிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினாள். அதைப் பார்த்ததும் மேனேஜர் தமிழுக்கு வந்துவிட்டார்.

"சீசன் ஆரம்பிச்சிருச்சும்மா. எப்ப சேருவீங்க?"

"இன்னைக்கே சார். பக்கத்துல செண்பகனூர்ல கூடப் படிச்சவ டீச்சரா இருக்கா, ரூம் எடுத்திருக்கா. அங்க தங்கிக்குவேன்."

சாயங்காலம் டிரைவருக்குப் பின் சீட்டில் என்னை உட்காரவைத்து, கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பஸ் நகர்ந்த பிறகும் கம்பியை விடாமல் கூடவே நடந்தாள். தனியாகப் போக நான் பயப்படுவேன் என்று நினைத்துவிட்டாள் போல என்று நினைத்தேன்.

பூண்டியில் இறங்கியதும், "அக்காவ வேலையில சேத்துவிட்டுட்டு வந்துட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தேன். அம்மா அழுதாள். சந்தோஷத்தில்தான் என்று நினைத்தேன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தான். அந்நேரத்துக்கு மேல் பஸ் இல்லை.

காலையில் அப்பாவே போனார். சாயங்கால வண்டியில் அவரும் தனியாகத்தான் வந்து இறங்கினார்.

"என்னங்க, அவ எங்க?" என்று அம்மா கேட்டாள்.

"டூரிஸ்ட் கூட்டம். அவதான் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டிருந்தா. வாசல்ல நின்னேன். கூப்பிடத் தோணல." மறுநாள் வத்தலக்குண்டுக்கு, வர வேண்டாம் என்று ஆள் விட்டார். ஞாயிற்றுக்கிழமை யாரும் பெண் பார்க்க வரவில்லை.

பிற்காலத்தில் அக்கா அதே ஓட்டலுக்கு மேனேஜர் ஆனாள். போன வருஷம் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, "அன்னைக்கு நான் மட்டும் துணைக்குப் போகலைன்னா இதெல்லாம் உண்டா?" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அக்கா சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"அண்ணன் வந்திருந்தா இழுத்துட்டு வந்திருப்பான். வீட்டுல இருந்ததுலயே வெவரமில்லாதவன் நீதான்லே."