மாமாவின் சைக்கிளில் ஒரு ‘டக்’

சைக்கிள் ஓடப் பழக வேண்டும் என்ற ஆசை எனக்குப் பிடித்தபோது, எங்கள் வீட்டில் இருந்த ஒரே சைக்கிள் மாமாவுடையது. அதற்கு ஒரு கோளாறு இருந்தது. இடது காலை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் கீழே ‘டக்’ என்று கேட்கும். பெடலும் அதைத் தாங்கும் கிறேங்கும் ஒரு கணம் நழுவி, பிறகுதான் பிடிக்கும். மாமா உம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். வாப்பாவுடன் தறியில் நெய்வார், நெய்த சாரங்களைக் கட்டிக்கொண்டு மருதமுனையிலிருந்து கல்முனைச் சந்தைக்குப் போவார். சைக்கிளைத் தாங்களேன் என்று நான் கெஞ்சும்போதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான்.

“கிறேங் ஆடுது மருமகன். நீ ஓடினாக் கழண்டு விழும்.”

அப்படியென்றால் திருத்தலாமே என்றால், அது அந்தச் சைக்கிளின் குணம், குணத்தைத் திருத்த ஏலாது என்பார்.

சைக்கிளின் முன் பாரில் உட்கார்ந்து போவதற்கு மட்டும் தடையில்லை. சந்தை கலைந்ததும் மாமா வடக்கே வீட்டுக்குத் திரும்பமாட்டார். தெற்கே சாய்ந்தமருது வரைக்கும் போய்க் கடற்காற்று வாங்கிக்கொண்டுதான் வருவார். மருதமுனையிலும் அதே கடல்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாரில் இருக்கிறவன் வழி சொல்லக் கூடாது. அங்கே ஒரு கிடுகு வேலியோரம் வந்ததும் மாமா மெதுவாக, அழுத்தி அழுத்தி மிதிப்பார். டக். டக். உடனே வேலிக்குள் கிணற்றுத் துலா ஒருதரம் கிறீச்சென்று கத்தும். அந்தத் துலாவுக்கும் யாராவது எண்ணெய் விட்டால் நல்லது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வீட்டில்தான் மாமாவுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தால், நிக்காஹ் நடந்து காவின் எழுதும்வரை மாப்பிள்ளை அந்த வீட்டு வளவுக்குள் கால் வைக்கக் கூடாது. பெண்ணை ஏறிட்டும் பார்க்கக் கூடாது. மாமா மிக ஒழுக்கமானவர். ரோட்டை மட்டும்தான் பார்த்து ஓடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து தறிகள் ஓய்ந்திருந்தன. மாமா கூட்டாளிமாருடன் கரைவலை இழுப்பதைப் பார்க்க நடந்தே போய்விட்டார். நான் சைக்கிளை முற்றத்து மணலில் கவிழ்த்துப் போட்டேன். ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதுதான் காரணம் என்று பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியார் சொல்லியிருந்தார். முதலில் பெடலைப் பிடித்து ஆட்டினேன்; அசையவில்லை. சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன், டக் போகவில்லை. பிறகு இரண்டு கிறேங்கையும் இரண்டு கையால் பிடித்து அசைத்தேன். அச்சுக்குள் இருக்கும் குண்டுகள் தேய்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஆட வேண்டும். வலது பக்கம் சும்மா இருந்தது. இடது மட்டும் நூலளவு முன்னும் பின்னும் போய்வந்தது.

கள்ளன் பிடிபட்டுவிட்டான். கிறேங்கை அச்சோடு சேர்த்துக் குறுக்கே அடித்திருக்கிற சின்ன ஆணிதான் அவன்; கொட்டர் பின் என்பார்கள். அதன் முனையில் முறுக்கியிருந்த சுரையைக் கழற்றி, தட்டி வெளியே எடுத்தேன். அதன் சப்பைப் பக்கத்தில் நகத்தை ஓட்டினால் ஒரு பள்ளம் தட்டியது.

எங்கள் வீட்டில் எது ஆடினாலும் நூல் சுற்றித்தான் இறுக்குவோம். தறியில் பாதி அப்படித்தான் நிற்கிறது. ஆகவே கஞ்சி போட்ட பச்சை நூலை அந்தப் பள்ளத்தில் சுற்றி, ஆணியை அடித்து இறக்கினேன். சத்தம் நின்றது. நான் துள்ளி முடிப்பதற்குள் நூல் நசுங்கிப் பஞ்சாக வெளியே வந்து, டக் திரும்பிவிட்டது.

பார்த்துக்கொண்டிருந்த வாப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தறிக்கு ஓட்டுவதுபோல கிறேங்குக்குமா பாவு ஓட்டுகிறாய் என்று கேட்டார். ஆனாலும் அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனைக்குப் போனவர் புதுப் பின் ஒன்றோடு வந்தார். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நான் கிறேங்குக்கு அடியில் பலாக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்து, ஆணியை அடித்து இறக்கி, அதற்குப் பிறகே சுரையை இறுக்கினேன். கிறேங்கைப் பிடித்து உலுக்கினேன். மலைபோல நின்றது.

பாருக்குக் கீழால் காலை விட்டு ஓடினேன். விழுந்தேன். எழும்பி மறுகா ஓடினேன். முழங்கால் உரிந்தது தெரியவில்லை. சங்கிலி ஓடுவதுகூடக் கேட்கவில்லை. காற்று மட்டும் காதில் இரைந்தது.

மாமா வந்து பெடலை மிதித்துப் பார்த்தார். இன்னொருதரம் மிதித்தார். ஆர் தொட்டது என்றார். நான்தான் என்றேன்.

“புள்ள எவ்வளவு கெட்டித்தனமாச் செய்திருக்கான் தம்பி, ஒரு சொல்லுச் சொல்லன்” என்றா உம்மா.

“நல்ல வேலை மருமகன்” என்றார் மாமா, சாவு விழுந்த மையித்து வீட்டில் கதைக்கிற குரலில்.

அடுத்த சந்தைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். சாய்ந்தமருதில் அந்த வேலியைப் பூனைபோலக் கடந்தோம். துலாவும் கத்தவில்லை, அதற்கும் யாரோ எண்ணெய் விட்டுவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன். மாமா சைக்கிளைத் திருப்பினார். மறுபடியும் கடந்தோம். மூன்றாம் முறை, பொறுக்கமாட்டாமல் மணியை அடித்தார். தெருவிலுள்ள வேலிகளுக்கு மேலால் தலைகள் முளைத்தன. பெண்ணின் வாப்பாவே வேலிக் கடப்பைத் திறந்துகொண்டு வந்து நின்றார். மாமா மிதித்த மிதியில் கல்முனை வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாளே உம்மாவுக்குச் செய்தி வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மணியடிக்க வேறு தெரு இல்லையா, காவின் முடியும்வரை இந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்று. உம்மா ஏசவும் ஏலாமல் சிரிக்கவும் ஏலாமல் நின்றா. மாமா கடற்காற்று வாங்குவதை விட்டுவிட்டார். சந்தை நாள் போக மற்ற நாளெல்லாம் சைக்கிள் எனக்கே என்றாகிவிட்டது. என் வேலையில் அவருக்கு அவ்வளவு திருப்தி என்று எடுத்துக்கொண்டேன்.

கலியாணத்தன்று புதுமாமி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினா. சரிகைச் சாரியில் இருந்தவ, கிட்ட வரச்சொல்லி என் காதைப் பிடித்தா.

“நீங்கதானா மருமகன் அந்தச் சைக்கிளைத் திருத்தின ஆள்?”

“ஓம் மாமி. இனி எந்தக் காலத்திலயும் சத்தம் வராது.”

காதை இன்னும் கொஞ்சம் முறுக்கினா. சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவ்வளவு பேருக்கும் என் கெட்டித்தனம் தெரிந்துவிட்டதே என்று, வலித்தாலும் அசையாமல், நிமிர்ந்து நின்றேன்.