போகக் கேட்டேன், இறங்கி உட்காரச் சொன்னார்

என்னோடு சேர்ந்து ஜெபிக்கிறவர்களே, 1987ஆம் வருஷம் முழுக்க நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆண்டவரே, என்னை இந்த ஃபிஜியை விட்டு வெளியே கொண்டுபோம்." அவர் கொண்டுபோகவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிகடோகா பள்ளத்தாக்கில் கத்தரியும் தக்காளியும் போடுகிற குடும்பம் எங்களுடையது. மே மாதம், எங்களைப் போன்ற இந்திய வம்சத்தவர் நிறைந்த அரசாங்கத்தைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்த செய்தியை ரேடியோவில் கேட்டோம். அப்பா எழுந்து போய் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் ஊரில் ஒரே பேச்சு. யார் கிளம்பிவிட்டார்கள், யார் கிளம்பப் போகிறார்கள்? சபையில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. ஆர்மோனியம் வாசித்தவர் ஒரு வாரம் இருந்தார், மறுவாரம் இல்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நியூசிலாந்து போய் நர்ஸ் ஆக வேண்டும். நேர்முகத் தேர்வில் இங்கிலீஷ் தடுமாறக் கூடாது. சபதம் எடுத்தேன்: தினமும் விடிந்ததும் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் தவிர வேறு பேச்சு கிடையாது. பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் தன் வீட்டில் சொல்லிக்கொடுத்தார். வழியில் பார்க்கிற மாடு, கோழி எல்லாவற்றோடும் இங்கிலீஷ்தான். அண்ணன் ஜெயராஜுக்குச் சிரிப்பு தாங்காது.

"மேம்சாப், பசுவுக்கும் சேத்து விசா வாங்கப் போறியா?"

ஒரு திங்கட்கிழமை போனேன். மாஸ்டர் வீட்டு ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. குடும்பத்தோடு ஆக்லாந்து போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடுரோட்டில் நின்று அழுதேன். "உமக்குக் காது கேட்கிறதா இல்லையா?" என்று ஆண்டவரிடமே கத்தினேன்.

ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போனவர் போகட்டும். என் ஒரு மணி நேரத்தை அந்தப் பலகைக்கு நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சந்தையில் எங்களுக்குப் பக்கத்து மேசையில் மரவள்ளிக்கிழங்கு விற்பவள் லித்தியா. ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் பூர்வகுடி ஃபிஜிய கிராமத்துப் பெண், என் வயதுதான். சந்தையில் எல்லோருக்கும் பொதுவான ஹிந்தியை எங்களைவிட நன்றாகப் பேசுவாள். இத்தனை தலைமுறை இந்த மண்ணில் இருந்தும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அவள் பாஷை தெரியாது. "இங்கிலீஷுக்கு ஆளில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் உன் பாஷையை எனக்குச் சொல்லிக்கொடு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் விடியற்காலை வந்துவிட்டாள்.

அண்ணன் கொதித்தான். "நம்மளத் தொரத்துறவன் பாஷை உனக்கு எதுக்கு? பாகல் ஆயிட்டியா, பைத்தியமா?"

"தொரத்தட்டும்ணா. ஏன் தொரத்துறன்னு திருப்பிக் கேக்கவாவது பாஷை வேணும்ல?"

லித்தியா வார்த்தையோடு மரியாதையையும் கற்றுக்கொடுத்தாள். அவர்கள் கிராமத்துக்குள் தொப்பி போடக் கூடாது. உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது குனிந்து 'துலோ' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். எதையாவது கேட்பதானால் தரையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். "நின்னுட்டுக் கேட்டா சண்டைக்கு வந்த ஆளு. உக்காந்து கேட்டா விருந்தாளி" என்பாள். எனக்கு இது எதற்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.

வருஷக் கடைசியில் ராணுவ அரசு ஓர் உத்தரவு போட்டது. ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் நாள். வேலை கூடாது, பஸ் ஓடக் கூடாது. என் ஆண்டவர் பேரைச் சொல்லி என்னையே வீட்டில் அடைத்த உத்தரவு அது.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். தொட்டால் வயிறு கட்டைபோல இருந்தது. காய்ச்சல் கொதித்தது. காய்கறி ஏற்றுகிற கேரியர் வண்டியின் பின்னால் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். பெரிய சாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேள்வி. மிச்சம் இருந்தது ஆற்றோரப் பாதை. அது லித்தியாவின் கிராமத்துக்கு நடுவே போகிறது.

ஊருக்குள் நுழைந்ததும் பாதைக்குக் குறுக்கே ஒரு பெரிய மரக்கட்டை கிடந்தது. ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஆண்கள் ஏழெட்டுப் பேர். அண்ணன் தலையில் தொப்பியோடு ஹாரனை விடாமல் அடித்தான். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் வந்து பானெட் மேல் கையை ஊன்றினார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம. திரும்பிப் போ" என்றார் ஹிந்தியில்.

"ஏத்திட்டுப் போயிடுறேன் பாரு" என்று பல்லைக் கடித்தான் அண்ணன். பின்னால் அப்பாவின் முனகல் நின்றுபோயிருந்தது.

நான் ஜெபித்தேன். "ஆண்டவரே, ஓய்வுநாளில் நோயாளியைச் சுகமாக்கி ஏச்சு வாங்கினவர் நீர். இப்போது எனக்கு வாயைக் கொடும்." அவ்வளவுதான். அண்ணனின் தொப்பியைப் பிடுங்கி எறிந்தேன். இறங்கினேன். குனிந்து 'துலோ' என்று சொல்லி, சபைக்குப் போட்ட வெள்ளைக் கவுனோடு சேற்றில் உட்கார்ந்தேன். அவர்கள் பாஷையில் பேசினேன். பாதி வார்த்தை மறந்துவிட்டது. நடுவில் 'அப்பா, அப்பா' என்று தமிழே வந்தது. அப்பா செத்துக்கொண்டிருக்கிறார், உங்கள் ஊர் வழியாக விடுங்கள், கெரேகெரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்றேன்.

பிறகு ஒருவர் சிரித்துவிட்டார். "லித்தியாவா சொல்லிக்கொடுத்தா? அவள மாதிரியே மூக்கால பேசுறியே!"

அவர் லித்தியாவின் மாமா, அந்த ஊர்த் தலைவர். வண்டியில் ஏறி அப்பாவின் நெற்றியில் கை வைத்து, தம் பாஷையில் ஜெபம் செய்தார். அப்பா கண் திறக்காமலே "ஆமென்" என்றார். அந்த ஆமென் இன்றும் என் காதில் இருக்கிறது. மற்றவர்கள் மரத்தைப் புரட்டினார்கள். தலைவர் இறங்கவில்லை. அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு டவுன் வரைக்கும் வந்தார். சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் மறித்தபோது எழுந்து நின்று ஏதோ சொன்னார். வழி விட்டார்கள்.

குடல்வால் வெடித்திருந்தது. ஆபரேஷன் நடந்தது. அப்பா பிழைத்தார். ஸ்தோத்திரம்.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் என் கவுனில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அந்த 'துலோ'வ எங்க சொல்லணும்?"

நான் நியூசிலாந்து போகவில்லை. இங்கேயே நர்ஸ் படித்தேன். போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாஸ்டர்மேல்கூட இப்போது கோபமில்லை. ஆனால் "உனக்கு இங்க என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்கள் எங்கள் தோட்டத்துக்கு வரட்டும். அப்பா கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார்.

அன்பானவர்களே, நீங்கள் தட்டிய கதவில் பலகை அடித்திருந்தால் அழுங்கள், ஆண்டவரிடம் சண்டை போடுங்கள். அவர் தாங்குவார். அவரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு நான் சேற்றில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் பயந்துபோய் உட்கார்ந்தேன் என்று நினைத்திருக்கலாம். வழி கிடைக்கிறவரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன். ஜெபத்தில் இன்னும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். வந்து பக்கத்தில் உட்காருங்கள்.