யார் தலைக்கு இந்த உருமால்?

“உருமால் கேட்டு வருகிறவரிடம் எத்தனை முழம் என்று கேட்காதே. யார் தலைக்கு, கட்டி விடுவது யார் என்று கேள்.” இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார். என் மூத்த மகன் தவழ ஆரம்பித்த வருஷம், பங்குனி மாதம், தன் புருஷன் ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் மூட்டை கட்டிக்கொண்டே சொன்னாள். அவள் எழுந்த இடத்தில் அன்று உட்கார்ந்தவள்தான் நான். இப்போது அந்த மகனுக்கே ஒரு பிள்ளை தவழ்கிறது.

நாங்கள் நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் எங்கள் பாஷை, கடையில் மதுரைத் தமிழ். மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. என் வீட்டுக்காரர் தறியில் இருப்பார், மூன்றாம் வகுப்பு படித்த நான் கடையில் இருப்பேன். எங்களிடம் உருமால் என்கிற தலைப்பாகைத் துணி மட்டும்தான் கிடைக்கும். மேலூர்ப் பக்கத்து ஊர்களில் அம்பலம் என்று ஒருவர் உண்டு. ஊர் கூடும் மந்தையில் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதும் அவர், கோயிலில் முதல் மரியாதை வாங்குவதும் அவர். அவருக்குப் பின் மூத்த மகன். அம்பலத்தின் உருமாலுக்கு நாலு விரல் அகலச் சிவப்புக் கரை. இரண்டாம் மரியாதைக்காரருக்கு இரண்டு விரல். ஜமீனுக்குக் கரை முழுக்க ஜரிகை. ஊருக்கு ஓர் அம்பலம், அவருக்கு ஓர் உருமால். இந்த முறையை நான் ஒரே ஒரு தடவை தப்பவிட்டு ஓர் ஊரையே இரண்டாக்கப் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். கடை வைத்து, வருகிறவர்களிடம் மாட்டிக்கொண்டு விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகையால் என்னைக் கோபிக்க மாட்டீர்கள்.

நாலு விரலும் இரண்டு விரலும்

ஒரு நாள் மேலூர் பஸ்ஸில் ஓர் ஊர் அம்பலமும் அதே ஊரின் கிராம முனிசீப்பும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். அம்பலத்துக்கு நான் நாலு விரல் கரையை விரித்ததும் முனிசீப்பு, “எனக்கும் அதே மாதிரி ஒண்ணு எடும்மா” என்றார். சர்க்கார் நியமித்த ஆள். வரி வசூல் அவர் கையில். இல்லை என்று சொல்லவும் பயம், எடுத்துக் கொடுக்கவும் பயம். மனசுக்குள் கூடலழகரைக் கூப்பிட்டுக்கொண்டே இரண்டு விரல் கரையை மெதுவாக முன்னால் தள்ளினேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “தாசில்தார் கையால முத்திரை வாங்குனவன் நான். எனக்கு ரெண்டு விரலா?” என்று துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மூலையில் மோர் குடித்துக்கொண்டிருந்த அம்பலம் செம்பைக் கீழே வைத்தார்.

“முனுசீப்பு, நீரு வரி கேட்டு வந்தா ஊரு எந்திரிச்சு நிக்கும். நான் சும்மா வந்தாலும் நிக்கும். எனக்குக் கூட இருக்கிற அந்த ரெண்டு விரலு அதுக்குத்தான்.”

துணிக்கு அடங்காத பட்டம்

மூன்றே மூன்று கிராமத்துக்கு ஜமீன்தார் ஒருவர். முன்னோர் வாங்கிய பட்டங்களையெல்லாம் உருமாலின் கரையில் எழுத்தாகவே நெய்து தர வேண்டும் என்று மானேஜரிடம் ஒரு காகிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். காகிதம் முழங்காலைத் தொட்டது. அதில் ஒரு மகாராஜா, இரண்டு சிங்கம், ஒரு புலி, எதிரிகளின் கர்வத்தை அடக்கியவர் என்று ஒரு வரி, அதற்கப்புறம்தான் பெயர்.

என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து வந்து விரலால் எண்ணிப் பார்த்தார். “உருமால் ஒன்பது முழம். இது பதினோரு முழத்துக்குப் போகும். புலியையாவது எடுத்துவிடலாமா?” என்று கேட்டார். அந்தப் புலி எங்கள் ஜமீனில் யாரையும் கடித்ததில்லை என்று மானேஜரும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் எடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. காகிதத்தைப் பழையபடி சுருட்டி என் பக்கம் நீட்டி, ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

“பட்டத்தைக் குறைக்க நமக்கு அதிகாரமில்லம்மா. துணிய நீட்டிருங்க.”

நடந்து வந்த அம்பலம்

மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நாலு விரல் உருமால் வாங்கிப் போனார். ஊர் அம்பலமான அப்பா இன்றோ நாளையோ என்று கிடக்கிறாராம். முன்கூட்டியே வாங்கி வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவர் பேச்சில் பொய் தெரியவில்லை, கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு கடைக்குள் வந்தார். கக்கத்தில் அதே உருமால். “இது எம் மகன் இங்கன வாங்குனதாமே?” என்றார். சாகக் கிடந்தவர் அவர்தான். அவசரமாக எழுந்து பாயை விரித்தேன். அவரோ சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் போய் நின்று, நிதானமாக, ஒரு சுருக்கம் விழாமல் உருமாலைத் தன் தலையிலேயே கட்டிக்கொண்டார்.

ஒரு தலை பட்ட உருமால் இன்னொரு தலைக்கு ஆகாது என்பது அந்த ஊர்களில் கண்டிப்பான வழக்கம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“அவனுக்கு வேற ஒண்ணு நெய்து வை ஆத்தா. அவசரமில்ல, மெதுவா நெய்யி.”

அழுகிற மனுஷன்

இப்போது என் தப்புக்கு வருகிறேன். யுத்த காலம். நூல் கிடைக்காமல் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. நாலு விரல் கரையில் பெட்டியில் இரண்டே உருமால்தான் மிச்சம். மேலூருக்குக் கிழக்கே ஓர் ஊரில் அம்பலம் தவறிப்போனார். பதினாறாம் நாள் மூத்த மகனுக்கு உருமால் கட்ட வேண்டும். துணி வாங்கிக் கட்டி விடுவது தாய்மாமன் உரிமை. அந்த மாமன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். யார் தலைக்கு, கட்டுவது யார் என்று கேட்டேன். முறையாகப் பதில் சொன்னார். கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அதே ஊரிலிருந்து இன்னொருவர் வந்தார். அம்பலத்துக்கு மச்சினன் என்று சொல்லும்போதே குரல் உடைந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அழுகிற மனுஷனிடம் கேள்வி கேட்க எனக்கு வாய் வருவதில்லை. செத்தவருக்குப் படையலில் வைக்க மச்சினன்மார் புதுத் துணி கொண்டுபோவது உண்டு. அப்படித்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒன்றையும் எடுத்து அவர் கையில் வைத்துவிட்டேன். போகும்போது கும்பிடுகூடப் போட்டேன்.

பதிமூன்றாம் நாள், பஞ்சு ஒட்டிய தலையோடு ஒருவன், தன் ஊருக்கு இரண்டு உருமால் விற்றது நான்தானா என்று விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தான். மதுரையில் நூல் மில்லில் வேலை, பெயர் மாயழகு. செத்த அம்பலத்தின் மூத்த மகன். அப்பாவுக்கு இரண்டு மனைவிகள் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மீசைக்காரர் இவன் தாய்மாமன். அழுதவர் சின்னாத்தாவின் அண்ணன், இளையவன் சோலைக்குத் தாய்மாமன். படையலுக்கு இல்லை, சோலையின் தலைக்குத்தான் அவர் வாங்கியிருக்கிறார்.

“எனக்கு இந்த அம்பலமே வேணாம்மா. மில்லுல மூணு நாளுதான் லீவு. தம்பிதான் ஊர்ல கெடந்து வெள்ளாமை பாக்குறான், அவனுக்குத்தான் ஆகும். ஆனா மூத்தவன் இருக்க எளையவன் கட்டுனா எங்க மாமா வேல்கம்பைத் தூக்குவாரு. நான் கட்டுனா அந்த மாமா தூக்குவாரு” என்றான். இரண்டு துணியும் என் கையால் போனவை. ஒன்றைத் திரும்ப வாங்கிவிட முடியாதா என்று கேட்டேன். அவன் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே சொன்னான்:

“ரெண்டும் மந்தைக்கு வந்துச்சுன்னா, பதினாறாம் நாள் சோறு அம்புட்டும் மிஞ்சிப்போகும்மா. திங்க ஆளு இருக்காது.”

ஒரே வெற்றிலைத் தட்டு

பதினைந்தாம் நாள் காலையில் என் மூத்த மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் கிளம்பினேன். ஏற்றத்தில் பஸ் நின்றபோதெல்லாம் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள், நான் கோவிந்தா சொன்னேன். அந்த வீட்டுக்குள் போனால், இரண்டு மனைவிகளும் ஒரே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். இளையவள் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். செய்த தப்பைச் சொல்லி, ஒரு துணியை என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்று கையைக் கூப்பினேன்.

“யாரு அண்ணன் வாங்குனதத் தூக்கிட்டுப் போவீக?” என்றாள் மூத்தவள்.

இளையவள் தலை நிமிராமலே, “ஒண்ணுதான் இருந்துச்சுன்னா மட்டும் என்னக்கா? மாயழகு கட்டிட்டு வேணாம்னாக்கூட அது சோலைக்கு ஆகாதே, தலை பட்டதுல்ல” என்றாள்.

பாக்குவெட்டி நின்றது. “அப்ப ரெண்டு இருக்கறது நல்லதுக்குத்தானடி” என்றாள் மூத்தவள். “எங்க அண்ணன் மாயழகுக்குக் கட்டட்டும். அம்பலம் சொன்னா சொன்னதுதான? அவன் உக்காந்து சொல்ற மொதத் தீர்ப்பே, இனி எந்தம்பிதான் அம்பலம்னு இருக்கட்டும். அவனா எறக்கி வைக்கட்டும். பொறவு ஒங்க அண்ணன் அவரு துணிய சோலைக்குக் கட்டட்டும். எவன் கம்பைத் தூக்குவான்?”

என் மகன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். இளையவள் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, “மாயழகு எம்புட்டு நேரம் அம்பலமா இருக்கணும்?” என்று கேட்டாள். மூத்தவள் ஒரு வெற்றிலையை எடுத்து மடித்தாள்.

“ஒரு வெத்தலை மென்னு துப்புற நேரம். அதுக்குக் கொறஞ்சா எங்க அண்ணன் ஒத்துக்கிற மாட்டாரு, கூடுனா ஒங்க அண்ணன் பொறுக்க மாட்டாரு.”

மில் சங்கு

பதினாறாம் நாள் நான் கடை திறக்கவில்லை. கூடலழகர் சந்நிதியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். யாராவது ஓடி வந்தால் மேலூரிலிருந்து சேதியோ என்று எழுந்து எழுந்து பார்த்தேன். பட்டர், “யாருக்கம்மா உடம்புக்கு?” என்று விசாரித்தார். ஓர் ஊருக்கே என்று சொல்ல வெட்கமாக இருந்தது. துளசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மாயழகு வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தலையில் பஞ்சு மட்டும் இருந்தது. மீசை மாமா உருமால் கட்டி விட்டு, “மெதுவா மெல்லுடா மாப்ள” என்று காதில் சொன்னாராம். எதிரே அழுத மாமா இருமிக்கொண்டே இருந்தாராம். இவன் மென்றானாம், எழுந்து போய்த் துப்பினானாம், வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னானாம். அம்பலமே சொல்லிவிட்டபின் யார் என்ன பேச? அழுத மாமா மறுபடியும் அழுதுகொண்டே சோலைக்குக் கட்டியதில் உருமால் ஒரு பக்கம் கோணிக்கொண்டதாம். ஆனாலும் நின்றுவிட்டது. சோறும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. உன் உருமால் எங்கே என்று கேட்டேன். இனி அது வேறு தலைக்கு ஆகாதே, பத்திரமாக டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்றான். அதற்குள் மில் சங்கு ஊதியது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்:

“எங்க ஊர்ல ஒரு வெத்தலை நேரம் அம்பலமா இருந்தவன் நான் ஒருத்தன்தாம்மா. அது தெரியாம மேஸ்திரி இன்னும் என்னைய ஏலேன்னுதான் கூப்புடுறாரு.”

இத்தனை வருஷத்தில் எந்தத் தலைக்கு எத்தனை விரல் கரை என்பதை நன்றாகக் கற்றுக்கொண்ட எனக்கு, அழுகிறவரிடம் கேள்வி கேட்க மட்டும் இன்னும் வரவில்லை. ஆகவே உருமால் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுதல்: யார் தலைக்கு என்று முதலில் சொல்லிவிடுங்கள், அப்புறம் உட்கார்ந்து அழுங்கள், நான் மோர் கொண்டுவருகிறேன்.