‘ஜப்பான்’ என்று எழுதிய பேஞ்சோ

வாப்பா மவுத்தான பிறகு அவருடைய பேஞ்சோ வீட்டில் பீரோ மேல் கிடந்தது. எங்கள் பக்கம் பேஞ்சோ என்றால் நீளமான மரப்பெட்டி, மேலே கம்பிகள், டைப்ரைட்டர் மாதிரி வரிசையாகக் கட்டைகள். இடது கையால் கட்டையை அமுக்கி, வலது கையால் கம்பியை மீட்ட வேண்டும். தென்காசியைச் சுற்றி எத்தனையோ கல்யாண வீடுகளில் வாப்பா அதை வாசித்திருக்கிறார்.

சவூதியில் இருக்கும் என் தம்பி அதன் படத்தைக் குற்றாலத்தில் விடுதி நடத்தும் ஒருவருக்கு அனுப்பினான். பழைய சாமான்கள் சேர்ப்பவர். “இதுல பேரு ஒண்ணும் இல்ல. யாரு செஞ்சது, எந்தக் காலத்துச் சாமான்னு கண்டுபிடிச்சுட்டுத் தாரேன்” என்று வீட்டுக்கே வந்து வாங்கிப்போனார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரம். உம்மாதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஆறு மாதமாகியும் திரும்பி வரவில்லை. சாரல் தொடங்கிய ஒரு சனிக்கிழமை நானே போனேன். விடுதியின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பேஞ்சோ இருந்தது. அருவியில் குளித்த ஈரத்தோடு நாலைந்து பேர் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு அட்டை: ‘ஜப்பான். நூறு ஆண்டுப் பழமை. செய்தவர் தெரியவில்லை.’

“எப்படி அண்ணாச்சி ஜப்பான்னு சொல்லுதிய?” என்று விடுதி முதலாளியிடம் கேட்டேன்.

“இந்த மாதிரி வாத்தியம் அங்கன இருந்துதான் டீச்சர் நம்ம நாட்டுக்கு வந்துச்சு. இன்டர்நெட்ல பாத்தேன். வேலைப்பாட்டப் பாருங்க, நம்மூர்ல எவன் இப்படிச் செய்வான்?”

வற்புறுத்தித் திறக்கச் சொன்னேன். ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தபோது அதன் அடியில் மெல்லிய சுருள்கம்பி தெரிந்தது. இருபது வருடமாகப் பிள்ளைகளின் கையிலிருந்து நான் பிடுங்கி வைக்கிற பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங். நூறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பேனா ஏது? கட்டைகளுக்குக் கீழே ஒட்டியிருந்த துணி கருநீலம். என் முதல் வகுப்புப் பாவாடையின் நிறம். ஓரத்தில் அந்தப் பாவாடையின் வெள்ளைப் பட்டி கூட இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தேன்.

உம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“உம்மா, வாப்பாட பேஞ்சோவ செஞ்சது யாரு?”

“நான்தான்” என்றாள், தலையை நிமிர்த்தாமலே. “அச்சன்புதூர் கல்யாணத்துக்குப் போயிட்டு வரும்போது பழசு ஜீப்புல நசுங்கிப் போச்சு. ஒங்க வாப்பா மூணு நாளு சோறு திங்கல. பலகைய அறுத்துத் தந்தது மட்டும் ஆசாரி. மத்ததெல்லாம் நான். பழசப் பிரிச்சு, நூலு வச்சு அளந்துக்கிட்டேன்.”

உம்மா தறிக்காரர் வீட்டுப் பெண். ஒரு நூல் இடம் மாறினாலும் அவளுக்குக் கண்ணில் பட்டுவிடும். அப்போது எனக்கு ஆறு வயது. பெட்டியும் கம்பியுமாக அவள் உட்கார்ந்திருந்தது மங்கலாக நினைவிருக்கிறது. எதையோ பழுது பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். நாற்பது வருடம் அப்படியே நினைத்திருந்தேன். அந்த வெட்கம் எனக்கும் உண்டு.

“அந்த ஆளு வந்தப்ப சொல்லியிருக்கலாம்ல?”

“அவரு என்ட்ட கேக்கலயே. செல்போன்ல ஒந்தம்பிகிட்டதான் கேட்டாரு. டீ போட்டுக் குடுத்தேன், குடிச்சிட்டுப் போனாரு.”

மறுநாள் ஆட்டோ பிடித்து உம்மாவைக் கூட்டிப்போனேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள். முதலாளி முகத்தைச் சுளித்தபடி திருப்புளியை எடுத்தார்.

“பதினோராவது கட்டையக் கழத்திப் பாருங்க” என்றாள் உம்மா. “தொளைய ஒருக்கத் தப்பாப் போட்டுட்டேன். தீக்குச்சி வச்சு அடச்சிருப்பேன்.”

கழற்றினார். தீக்குச்சி இருந்தது.

“சரி ஆச்சி, நல்லாத்தான் பழுது பாத்திருக்கிய.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “பழுது பாக்கல. செஞ்சதே அவதான். கண்ணு முன்னால சாட்சி இருக்கு, இன்னும் என்ன வேணும்?” என்றேன். நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கோவப்படாதிய டீச்சர். இது ஜப்பான் சாமான்னு ஒங்க வாப்பாவே மைக்குல சொல்லி இந்தக் காதால கேட்டிருக்கேன்.”

நான் உம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா. அவிய அப்படித்தான் சொன்னாவ.”

“நீ ஏன்னு கேக்கலயா?”

“ஒருதடவ கேட்டேன். பொண்டாட்டி செஞ்சதுன்னு சொன்னா சபையில சிரிப்பானுவன்னாவ. பெறவு கேக்கல.”

விடுதிக்காரர் மேல் இருந்த கோபம் சட்டென்று வாப்பாவிடம் போய்விட்டது. அவர் வாசித்து வந்த காசில்தான் நான் படித்தேன். அந்தப் பேஞ்சோவைக் கட்டிப்பிடித்தபடி மேடையில் அவர் சிரிக்கிற படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இறந்தவரோடு எங்கே போய்ச் சண்டை போட?

பேஞ்சோவை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். “செஞ்சவங்க பேர அட்டையில எழுதித் தாரேன், இங்கயே இருக்கட்டும்” என்று வாசல்வரை வந்தார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா வீட்டுப் பொம்பள செஞ்சதுன்னு போட்டா எவன் நின்னு பாப்பான், நீங்களே சொல்லுங்க” என்றார். ஆட்டோவில் உம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, சாரல் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள்.

தம்பியிடம் சொன்னால், “வாப்பா பேர ஏன்க்கா கெடுக்க?” என்கிறான். உம்மாவின் பேரைப் பற்றி அவனுக்குக் கேள்வியே இல்லை. விடுதியின் முகநூல் பக்கத்தில் அந்தப் படம் ‘ஜப்பான்’ என்ற வரியோடு இன்னும் இருக்கிறது. அதன் கீழே செய்தவர் யார், எந்த ஊர், எத்தனை வருடமாகிறது என்று எழுதினேன். அழித்துவிட்டார்கள். மறுபடியும் எழுதினேன். அதையும் அழித்தார்கள்.

“விட்டுத் தொலையேன்ட்டி” என்கிறாள் உம்மா. விடுவதாக இல்லை. இன்று காலையிலும் எழுதியிருக்கிறேன்.