மகளின் பெயரை நீக்கச் சொன்னவர்

எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே ஒரு பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் பூச்சியியல் விஞ்ஞானியாக இருந்தேன். காய்ப்புழு பற்றிய என் ஆய்வைப் படித்துவிட்டு, இரு நாட்டு விஞ்ஞானிகள் பரிமாற்றத்தில் ரஷ்யாவுக்கு வரச்சொல்லி எனக்கு அழைப்பு அனுப்பியிருந்தார்கள். அது என் கைக்கு வரவே இல்லை. குடும்பச் சூழ்நிலையால் என்னால் வர இயலாது என்று மேலதிகாரி பதில் எழுதிவிட்டு, தானே போய்வந்தார். மறுவருஷம் அங்கிருந்து வந்த விஞ்ஞானி ஒருவர், "வீட்டுப் பிரச்சினை தீர்ந்ததா?" என்று பரிவோடு விசாரித்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. விருந்தாளி முன்னால் சிரித்து வைத்தேன்.

தொண்ணூறுகளில் அப்படியொரு பரிமாற்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் நான் இருந்தேன். வந்த விண்ணப்பங்களில் மிகச் சிறந்தது அந்த மேலதிகாரியின் மகளுடையது. ஓய்வுபெற்றிருந்த அவர், ராஜபாளையத்தில் என் வீட்டுக்கே வந்தார்.

"சேத்தூர்ல நல்ல சம்பந்தம் கூடி வருதும்மா. இவ வெளிநாடு போனா மாப்பிள்ளை வீட்டு ஆளுக வேண்டாம்னுருவாக. நீங்க அவ பேர மட்டும் எடுத்து விட்ருங்க."

"போக ஏலாதுன்னு அவளே வந்து சொல்லட்டும் சார். அன்னைக்கு எனக்குப் பதிலா நீங்க எழுதின மாதிரி, அவளுக்கும் எழுதப் பாக்காதீக."

அவர் முகம் வெளுத்தது. மகள் வரவில்லை, மறுக்கவும் இல்லை. கையெழுத்திட்டேன். அவள் தகுதிக்காகத்தான், ஆனாலும் வேறெந்தக் கையெழுத்தையும் நான் அவ்வளவு ருசித்துப் போட்டதில்லை.

அவள் கிளம்பிய அன்று ரயில் நிலையத்துக்குப் போனேன். வழியனுப்ப வந்ததாக நினைத்து அந்தப் பெண் மகிழ்ந்தாள். அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற தகப்பனை நான் ஆசைதீரப் பார்த்தேன்.